வறட்சியைத் தாங்கும் மரபணுவை மட்டும் நெல்லில் சேர்த்தால் போதாதா?

கேள்வி கேட்டவர் தாவரவியல் மாணவர். வீட்டில் மானாவாரி நெல் விவசாயம். அவர் எழுதியதன் சாரம் இது: "வறட்சியைத் தாங்கும் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அடிக்கடி செய்தி வருகிறது. எங்கள் வயலுக்கு மட்டும் அப்படி ஒரு நெல் வந்து சேரவில்லை. செடியை வளர வைக்கும் மரபணுக்கள் ஒரு கூட்டம், வறட்சியில் காப்பாற்றும் மரபணுக்கள் இன்னொரு கூட்டம் என்றால், இரண்டாவது கூட்டத்தை மட்டும் பலப்படுத்தினால் போதாதா? எங்கே சிக்கல்?" கூடவே, கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு வீட்டிலேயே என்ன செய்து பார்க்கலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

நான் புரிந்துகொண்ட வரையில் கேள்வியின் மையம் ஒன்றுதான்: வளர்வதும் வறட்சியைத் தாங்குவதும் தனித்தனியாகப் பிரிக்கக்கூடிய வேலைகளா? நெல்லில் வறட்சி ஆராய்ச்சியை முதலில் ஆய்வகத்திலும் அப்புறம் வயலிலும் நெடுங்காலம் செய்தவன் என்ற முறையில் என் பதில், பெரும்பாலும் பிரிக்க முடியாது என்பதுதான். எந்த உறுப்பை வளர விடுவது, எதை நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று செடி எடுக்கும் முடிவுகளே வறட்சிக்கு அது காட்டும் எதிர்வினையில் பெரும்பகுதி. 'வறட்சி மரபணு' என்று செய்தியில் வருபவற்றில் பலவும் இந்த முடிவை ஏதோ ஒரு பக்கமாகத் தள்ளுபவை. தள்ளினால் ஒரு லாபம் உண்டு, ஒரு நட்டமும் உண்டு. வறட்சி எந்த வயலில், பயிரின் எந்தப் பருவத்தில் வருகிறது என்பதைப் பொறுத்து எது பெரிது என்பது மாறும்.

அடிப்படைக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். வேர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்கு 95 பங்குக்கும் மேல் இலை வழியாக ஆவியாகிப் போகிறது. இலைத்துளை திறந்தால்தான் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். அதே வாசலில்தான் தண்ணீரும் வெளியே போகும். நெல் போன்ற பயிரில் ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் சில நூறு தண்ணீர் மூலக்கூறுகள் வெளியேறிவிடும். துளையை மூடினால் தண்ணீர் மிஞ்சும், ஆனால் மாவுச்சத்து உருவாவது குறையும், இலையும் சூடாகும். எந்த மரபணுவை மாற்றினாலும் இந்தக் கட்டுக்குள்தான் வேலை செய்ய வேண்டும்.

மண் காயத் தொடங்கியதும் செடியில் முதலில் நிற்பது ஒளிச்சேர்க்கை என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் நிற்பது இலை விரிவதுதான். செல் பெரிதாக வேண்டுமானால் உள்ளே நீரழுத்தம் வேண்டும், செல்சுவரும் நெகிழ வேண்டும். ஒளிச்சேர்க்கை இன்னும் நன்றாக நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டும் குறைந்துவிடும். சம்பளம் தடைபட்ட வீட்டில் முதலில் மாடி கட்டும் வேலை நிற்கும், அடுப்பு அணைவது ரொம்பப் பிறகுதான், செடியும் அப்படித்தான். இந்த நிறுத்தம் தண்ணீர் இல்லாததால் தானாக நேரும் வாட்டம் மட்டும் அல்ல. மரபணுக்கள் கட்டளையிட்டு நடத்தும் நிறுத்தமும் அதில் இருக்கிறது.

அந்தக் கட்டளையின் மையத்தில் இருப்பது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன், சுருக்கமாக ஏபிஏ. 1960களின் தொடக்கத்திலிருந்தே இதைத் தெரியும். செடிக்குள் இதை எந்தப் புரதம் உணர்கிறது என்பது மட்டும் பல பத்தாண்டுகள் பிடிபடவில்லை. 2009-இல் கலிபோர்னியாவில் ஷான் கட்லரின் குழுவும் மியூனிக்கில் எர்வின் கிரில்லின் குழுவும் தனித்தனியாக ஒரே புரதக் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தன. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த, ஆய்வகங்களுக்குப் பிடித்தமான சிறு செடி அரபிடாப்சிஸ். அதில் இந்த ஏற்பிப் புரதங்கள் 14 இருக்கின்றன. வேலை நடக்கும் விதம் அழகானது. நல்ல காலத்தில் பிபி2சி என்ற புரதங்கள் ஸ்னார்க்2 என்ற புரதங்களை அடக்கி வைத்திருக்கும். ஏபிஏ வந்து ஏற்பியில் பொருந்தியதும், ஏற்பி பிபி2சியைப் பிடித்துக்கொள்ளும். அடக்குமுறை விலகியதும் ஸ்னார்க்2 விழித்துக்கொண்டு இரண்டு வேலை செய்யும். இலைத்துளையின் காப்புச் செல்களில் ஸ்லாக்1 என்ற அயனி வாய்க்காலைத் திறந்துவிடும். உப்பு வெளியேறும், பின்னாலேயே தண்ணீரும் வெளியேறும், காப்புச் செல் தளர்ந்து துளை மூடிக்கொள்ளும். இது நிமிடங்களில் நடக்கும். மறுபக்கம் செல்லின் உட்கருவில் சில புரதங்களைத் தூண்டி நூற்றுக்கணக்கான மரபணுக்களை இயக்கும். அது மணிக்கணக்கில் நடப்பது. இந்தச் சங்கிலி புரதங்களின் முப்பரிமாண அமைப்பு வரை நிரூபணமானது. பாடப்புத்தகத்தில் படித்தால் தயங்காமல் நம்பலாம்.

காய்வது வேரில், மூட வேண்டியது இலையில். செய்தி எப்படிப் போகிறது? வேரில் உருவான ஏபிஏவே மேலே ஏறுகிறது என்று நீண்ட நாள் கற்பித்தோம். 2018-இல் ஜப்பானில் கசுவோ ஷினோசாகியின் குழு, கிளே25 என்ற சின்னஞ்சிறு புரதத் துண்டு (பெப்டைடு) வேரிலிருந்து இலைக்குப் போய், அங்கே ஏபிஏ தயாரிக்கும் என்செட்3 மரபணுவைத் தூண்டுகிறது என்று காட்டியது. அரபிடாப்சிஸில் இது உறுதி. நெல்லிலும் மரங்களிலும் இதற்கு எவ்வளவு பங்கு, தண்டு வழியாகச் சட்டென்று பரவும் நீரழுத்த மாற்றத்துக்கு எவ்வளவு பங்கு என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. இன்னும் ஒரு படி கீழே போய், மண் காய்வதை முதன்முதலில் 'தொட்டு' உணரும் புரதம் எது என்று கேட்டால், ஒற்றைப் பெயர் சொல்ல முடியாது. 2014-இல் ஓஸ்கா1 என்ற கால்சியம் வாய்க்கால் பெரிதாகப் பேசப்பட்டது. வயலில் மெல்ல மெல்லக் காயும் மண்ணுக்கும் அதுதான் உணரி என்று இன்னும் நிலைநாட்டப்படவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வரும் இடம். செடியின் செல்களில் டார் என்ற புரதம் உண்டு. சத்தும் சக்தியும் இருக்கும்போது புரத உற்பத்தியையும் வளர்ச்சியையும் முடுக்கிவிடுவது அதன் வேலை. ஈஸ்ட்டிலிருந்து மனிதன் வரை எல்லாரிடமும் இருப்பது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த டாரும் ஏபிஏ சங்கிலியும் ஒன்றையொன்று அழுத்திப் பிடித்திருக்கின்றன என்று காட்டியது. தண்ணீர் இருக்கும்போது டார், ஏபிஏ ஏற்பிகளின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது; தேவையில்லாமல் வறட்சி எச்சரிக்கை எழாது. வறட்சி வந்ததும் விழித்துக்கொண்ட ஸ்னார்க்2, டாரின் கூட்டாளிப் புரதத்தின் மேல் பாஸ்பேட்டை ஒட்டி டாரை நிறுத்துகிறது, வளர்ச்சி அடங்கும். வளர்ச்சிக் கூட்டம், வறட்சிக் கூட்டம் என்று இரண்டாகப் பிரித்தீர்களே, அவை ஒன்றின் கையில் மற்றதன் கடிவாளம் இருக்கும்படி பிணைந்தவை. ஒன்றை மட்டும் பலப்படுத்தினால் மற்றது இளைக்கத்தான் செய்யும்.

அதற்காக ஏபிஏவை வளர்ச்சிக்கு எதிரி என்று எழுதிவிடாதீர்கள். மிசூரி பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஷார்ப் மக்காச்சோள நாற்றுகளில் செய்த வேலையை மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வேன். காய்ந்த ஊடகத்தில் தண்டு நின்றுவிடும், முதல் வேர் மட்டும் நீண்டுகொண்டே போகும். ஏபிஏ தயாரிக்க முடியாத நாற்றில் அந்த வேரும் குட்டையாகிவிடுகிறது, ஏனென்றால் எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. அதாவது, வேர் நுனியில் ஏபிஏ எத்திலீனை அடக்கி வளர்ச்சியைக் காப்பாற்றுகிறது. அதே ஹார்மோன், அதே நாள், அதே செடி. ஆனால் எந்தத் திசுவில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறுகிறது. மேலே நிறுத்தி, கீழே தண்ணீர் தேடி அனுப்பும் இந்த ஏற்பாட்டில்தான் செடியின் அறிவு இருப்பதாக நான் நினைக்கிறேன்.

சரி, ஒரு மரபணுவை எடுத்து ஓங்கி இயக்கினால் என்ன ஆகும்? முதன்முதலில் பெரிய நம்பிக்கை கொடுத்தது டிரெப்1ஏ. தானே ஒரு கட்டளைப் புரதத்துக்கான மரபணு இது. அந்தப் புரதம் பல பாதுகாப்பு மரபணுக்களை ஒரே நேரத்தில் இயக்கும். கசுகோ யமகுச்சி-ஷினோசாகியும் கசுவோ ஷினோசாகியும் 1990களில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். இதை எந்நேரமும் இயங்கும்படி அரபிடாப்சிஸில் வைத்தபோது செடிகள் வறட்சி, உப்பு, உறைகுளிர் மூன்றையும் தாங்கின. ஆனால் குள்ளமாகிவிட்டன. 1999-இல் அதே குழு, வறட்சி வரும்போது மட்டும் இயங்கும் ஆர்டி29ஏ மரபணுவின் சுவிட்ச் பகுதியை எடுத்து டிரெப்1ஏவின் முன்னால் பொருத்தியது. குள்ளத்தன்மை பெருமளவு போய்விட்டது, தாங்கும் திறனோ அப்படியே இருந்தது. இந்த ஒரு கட்டுரையிலிருந்து பல மாணவர்கள் 'பிரச்சினை தீர்ந்தது' என்று முடிவுக்கு வருகிறார்கள். ஆய்வகத்து வளர்ப்பு அறையில் தீர்ந்தது. வயலில் வறட்சி ஒரு தடவை வந்து போவதில்லை. இரண்டு வாரம் காயும், ஒரு தூறல் விழும், மறுபடி காயும். ஒவ்வொரு தடவையும் சுவிட்ச் விழுந்து வளர்ச்சி நின்றால், லேசான வறட்சி உள்ள வருடத்தில் அந்தச் செடி பக்கத்து வயலைவிடக் குறைவாகத்தான் கொடுக்கும்.

இங்கே ஒரு சோதனை முறையைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டும். ஆய்வுக் கட்டுரைகளில் நீங்கள் பார்க்கும் படம் தெரிந்ததுதான்: இரண்டு தொட்டி, தண்ணீரை நிறுத்துகிறார்கள், சாதாரணச் செடி செத்துப்போகிறது, மரபணு மாற்றிய செடி பச்சையாக நிற்கிறது. அந்தச் செடி குள்ளமாகவோ இலைத்துளை குறைவாகவோ இருந்தால், தொட்டி மண்ணிலிருந்து அது எடுக்கும் தண்ணீரே குறைவு. ஆக, அதன் மண் காய இன்னும் பல நாள் பிடிக்கும். அந்தச் செடி வறட்சியைத் தாங்கவில்லை, வறட்சி அதற்கு இன்னும் வரவேயில்லை. தொட்டியின் எடையை தினமும் பார்த்து, இரண்டிலும் மண் ஈரத்தைச் சமமாக வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வராது. அப்படிச் செய்யாத கட்டுரைகள் ஏராளம். தவிர, அந்தப் படம் காட்டுவது செடி பிழைத்ததை. விவசாயிக்கு வேண்டியது நெல்மணி. முற்றிலும் காய்ந்து மறுபடி துளிர்ப்பது நெல் வயலில் அபூர்வமாகவே பயன்படும். தூர் கட்டும் பருவத்தில் காய்ந்தால் பயிர் ஓரளவு சமாளித்துக்கொள்ளும். பொதிப் பருவத்திலும் பூக்கும் பருவத்திலும் ஒரு வாரம் காய்ந்தால் கதிர்க்காம்பு நீளாது, கதிர் பாதி உறைக்குள்ளேயே நிற்கும், மகரந்தம் மலடாகும், வெளியே வந்த கதிரும் சாவியாகப் போகும். உங்கள் வீட்டில் இதைப் பார்த்திருப்பீர்கள். இலை பச்சையாக இருக்கும், ஆனால் கதிரைத் தடவினால் வெறும் உமி.

வளர்ச்சி மரபணுவும் வறட்சியும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு நம் கண்முன்னே நடந்த வரலாறே ஒன்று இருக்கிறது. 1966-இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐஆர்8 ரகத்தைக் கொடுத்தது. குட்டை நெல், உரம் போட்டாலும் சாயாது. அதன் குட்டைத்தன்மை, டீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் ரகத்திலிருந்து வந்த எஸ்டி1 மரபணுவின் பழுதான வடிவம். அது ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் ஒரு நொதியின் மரபணு என்பது 2002-இல்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த பாசன நெல் ரகங்களில் மிகப் பலவற்றில் இந்தப் பழுதான வடிவம் இருக்கிறது. இதே முதல் குரோமோசோமில், எஸ்டி1-க்கு மிக அருகில், வறட்சியிலும் விளைச்சல் கொடுக்க உதவும் ஒரு பகுதி இருக்கிறது, அதற்குக் கியூடிடிஒய்1.1 என்று பெயர். நம் ஊர் என்22 போன்ற பழைய நெட்டை ரகங்களில் இருப்பது. இரண்டும் ஒட்டிக்கொண்டே பயணிப்பதால், குட்டை வேண்டும் என்று தேர்ந்தெடுத்தபோது வறட்சிக்கு உதவும் பகுதியும் கழன்று போயிற்று. இதை 2015-இல் அந்த நிறுவனத்து ஆய்வாளர்கள் விளக்கமாகக் காட்டினார்கள். அதோடு, அந்த ஒட்டுறவை உடைத்து, குட்டையாகவும் வறட்சியில் விளைவதாகவும் உள்ள புதிய நெல் வரிசைகளையும் எடுத்தார்கள். பாரம்பரிய நெல் எல்லாம் வறட்சியைத் தாங்கும் என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை, ரகத்துக்கு ரகம் பெரிய வித்தியாசம் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றில் நாம் தெரியாமல் தொலைத்த பகுதிகள் இன்னும் இருக்கின்றன. கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் நூற்றிப்பத்து என்ற மானாவாரி ரகத்தை ஐஆர்20 உடன் கலந்து இப்படிப்பட்ட பகுதிகளைத் தேடியதும் அதற்காகத்தான்.

'கியூடிடிஒய்' வரிசையில் இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: 12-வது குரோமோசோமில் உள்ள கியூடிடிஒய்12.1. 2007-இல் வந்தனா, வே ராரம் என்ற இரண்டு ரகங்களின் கலப்பில் கண்டுபிடித்தார்கள். வந்தனா வறட்சியைத் தாங்கும் ரகம், வே ராரம் தாங்காதது. உதவும் வடிவம் வந்தது வே ராரமிலிருந்து! தாங்காத ரகத்துக்குள் ஒளிந்திருந்த பகுதி, தாங்கும் ரகத்தின் மற்ற மரபணுக்களோடு சேர்ந்ததும்தான் தன் வேலையைக் காட்டியது. பின்னால் செய்த ஆய்வுகள், அந்தப் பகுதிக்குள் இருப்பது ஒற்றை மரபணு இல்லை, ஒரு கட்டளை மரபணுவும் அதன் கீழே இயங்கும் பல மரபணுக்களும் அருகருகே இருக்கின்றன என்று காட்டின. பூக்கும் பருவத்தில் கடும் வறட்சி வந்தால் இதன் பலன் தெரிகிறது, தண்ணீர் நிறைய உள்ள வயலில் பெரிய வித்தியாசம் இல்லை. வறட்சி இல்லாத வருடத்தில் விவசாயிக்கு நட்டம் வைக்காத பகுதி என்பதால்தான் இதை நான் உயர்வாக நினைக்கிறேன். 'மரபணுவை மட்டும் சேர்த்தால் போதாதா' என்ற உங்கள் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியாது. சேர்க்கலாம், ஆனால் அது எந்த வீட்டுக்குப் போகிறது என்பதும் முக்கியம்.

வேருக்கு வருவோம். 2013-இல் யுசாகு உகாவின் குழு டிரோ1 என்ற மரபணுவை அடையாளம் கண்டது. பிலிப்பைன்ஸின் கினண்டாங் பதோங் என்ற மேட்டுநில நெல்லில் இது முழுதாக இருக்கிறது. பரவலாகப் பயிரிடப்பட்ட பாசன ரகமான ஐஆர்64-இல் இந்த மரபணுவின் டிஎன்ஏவில் ஓர் எழுத்து விடுபட்டதால் புரதம் பாதியில் முடிந்துவிடுகிறது. டிரோ1 வேரின் நீளத்தைக் கூட்டுவதில்லை, கோணத்தை மாற்றுகிறது: புவியீர்ப்பை நோக்கி வேர் செங்குத்தாக வளைகிறது. முழு வடிவத்தை ஐஆர்64-க்குள் கொண்டுவந்தபோது மேட்டுநில வறட்சியில் விளைச்சல் தெளிவாகக் கூடியது. வளர்ச்சியின் அளவைத் தொடாமல் திசையை மட்டும் மாற்றுவதால் இதில் நட்டம் குறைவு. ஆனாலும், கீழே தண்ணீர் இருந்தால்தான் ஆழ வேருக்கு வேலை. வருடக்கணக்கில் சேறு கலக்கி அடியில் கடினத் தட்டு படிந்த வயலிலும், அடியில் பாறையோ உப்போ உள்ள நிலத்திலும் இதே பலனை எதிர்பார்க்க முடியாது. இதே குடும்பத்தின் இன்னொரு மரபணு பழுதானால் வேர் மண்பரப்பிலேயே படர்கிறது. உவர் வயலில் அதுவே நல்லது என்று அதே உகாவின் குழு 2020-இல் எழுதியது.

மரபணுத் திருத்தம் பற்றியும் கேட்பீர்கள் என்று தெரியும். டிஎஸ்டி என்ற மரபணு 2009-இல் சீனாவில் நெல்லில் கண்டுபிடிக்கப்பட்டது. அது செயல்படும்போது இலைத்துளைகள் தாராளமாகத் திறந்திருக்கும். அதைச் செயலிழக்கச் செய்தால் துளைகள் எளிதில் மூடும், எண்ணிக்கையும் குறையும். 2013-இல் இன்னொரு முகம் தெரிந்தது. கதிர் உருவாகும் இடத்தில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் சிதைக்கும் நொதியையும் டிஎஸ்டிதான் இயக்குகிறது. அந்த மரபணுவில் ஒரு குறிப்பிட்ட மாற்றம் நேர்ந்த செடியில் கதிரின் கிளைகளும் மணிகளும் கூடின. இலையில் தண்ணீரை ஆள்வதும் கதிரில் மணிகளின் எண்ணிக்கையை ஆள்வதும் ஒரே மரபணு! லாபமும் நட்டமும் எப்போதும் எதிரெதிரே நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம். இந்தியாவில் எம்டியு1010 ரகத்தில் இந்த மரபணுவைத் திருத்தி உருவாக்கிய 'பூசா டிஎஸ்டி ரைஸ் 1' 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. மரபணு வேலை செய்யும் விதம் உறுதியானது. அந்த ரகம் வயலில் எவ்வளவு கூட்டிக் கொடுக்கும் என்பது வேறு விஷயம். அதைப் பற்றி அதிகம் பேசப்பட்ட சோதனைகள் உவர், களர் நிலங்களில் நடந்தவை. அந்தத் தரவுகளைப் பற்றியும் விமர்சனங்கள் எழுந்துள்ளன. மானாவாரி வறட்சியில் பல பருவம், பல ஊர் என்று விளைச்சல் கணக்கு வந்த பிறகு பேசுவதே நியாயம். என் கவலை ஒன்றைச் சொல்லிவைக்கிறேன்: இலைத்துளை குறைந்தால் இலையும் கதிரும் குளிர்வது குறையும். பூக்கும் நேரத்தில் கதிரின் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் நெல்லில் மலட்டுத்தன்மை கூடும். வறட்சியும் வெயிலும் சேர்ந்தே வரும் நம் ஊரில் இதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

துளையைத் தொடாத வழியும் உண்டு. அர்ஜென்டினாவில் ராகேல் சான் குழு சூரியகாந்தியிலிருந்து எடுத்த ஹெச்பி4 மரபணு, எத்திலீனுக்குச் செடி பதறுவதைக் குறைத்து, இலை சீக்கிரம் மூப்படைவதைத் தள்ளிப்போடுகிறது. இந்த மரபணு உள்ள கோதுமைக்கு 2020-இல் அங்கே அனுமதி கிடைத்தது. வறட்சிக்கென்று மரபணு மாற்றிய பயிர்களில் வயல் வரை வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். அவற்றிலும் லாபம் மிதமானது, வருடத்துக்கு வருடம் மாறுவது.

உங்கள் வயலுக்கு எதுவும் வரவில்லை என்பதை மட்டும் கொஞ்சம் திருத்துகிறேன். வந்திருக்கிறது, 'மரபணு' என்ற பெயரில் வராததால் செய்தியாகவில்லை. சகபாகி தான் என்ற ரகம் வறண்ட வயலிலேயே விளைச்சலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வரிசை; ஜார்க்கண்ட், ஒடிசா மானாவாரிக்காக வந்தது. ஐஆர்64-க்குள் இரண்டு 'கியூடிடிஒய்' பகுதிகளைக் கலப்பின் மூலம் கொண்டுவந்த டிஆர்ஆர் தான் 42 2014-இல் வெளியானது. நம் பக்கம் பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் புழுதி விதைப்புக்கென்று கொடுத்த அண்ணா 4 இருக்கிறது. குறுகிய வயது ரகம். கடைசி வறட்சி வருவதற்குள் கதிர் முற்றிவிடுவதே அதன் பலத்தில் பாதி. மரபணு மொழியில் சொன்னால், பூக்கும் காலத்தை நிர்ணயிக்கும் மரபணுக்களும் வறட்சி மரபணுக்களே. மழை சீக்கிரம் நிற்கும் ஊரில், டிரெப்பையும் டிஎஸ்டியையும்விட அவை அதிகம் காப்பாற்றியிருக்கின்றன என்பது என் கணிப்பு. உங்கள் நிலத்துக்கு எது பொருந்தும் என்று இங்கிருந்து நான் சொல்வது சரியாகாது. மண்ணின் ஆழம், கண்மாய்த் தண்ணீர் எந்த வாரம் தீர்கிறது, அப்பா எந்த வாரம் விதைக்கிறார், இவை தெரிந்த உள்ளூர் வேளாண் அலுவலர்தான் சொல்ல முடியும்.

ப்ராஜெக்ட்டுக்கு மரபணு ஆய்வகம் தேவையில்லை. வீட்டில் போடும் ரகத்தையும், அக்கம்பக்கத்தில் கிடைக்கும் ஒரு பழைய மானாவாரி ரகத்தையும் எடுங்கள். ஒரே அளவு தொட்டி, ஒரே வயல் மண், மண்ணின் எடையும் ஒன்றாக. செடி இல்லாத தொட்டி ஒன்றிரண்டையும் வையுங்கள். மண்ணிலிருந்து நேராக ஆவியாவதைக் கழிக்க அது வேண்டும். நன்றாக நனைத்து வடியவிட்டு எடை பாருங்கள், அதுதான் முழு ஈரம். பாதித் தொட்டிகளை அந்த அளவிலேயே வைத்து, மீதியை நாளுக்குக் கொஞ்சமாகக் காயவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து, எந்தத் தொட்டி வேகமாகக் காய்கிறதோ அதற்குக் குறைந்ததை ஊற்றி, எல்லாக் காயும் தொட்டிகளும் ஒரே ஈரத்தில் இறங்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு தினமும் புது இலையின் நீளத்தை அளந்து வையுங்கள். இலை நீள்வது எந்த ஈரத்தில் நின்றது, தண்ணீர் செலவாவது எந்த ஈரத்தில் குறையத் தொடங்கியது என்று இரண்டு கோடுகள் வரைந்தால், பெரும்பாலும் இலைதான் முதலில் நின்றிருக்கும். இரண்டு ரகத்துக்கும் அந்த இடைவெளி வேறாக இருந்தால், தண்ணீர் குறையும்போது அவை வேறு வேறு முடிவு எடுக்கின்றன என்று அர்த்தம். நேரம் இருந்தால் கடைசியில் தொட்டியைக் கவிழ்த்து வேரைக் கழுவி, மேல் பாதி, கீழ் பாதி என்று வெட்டி, காயவைத்து எடை போடுங்கள். ஒவ்வொரு ரகத்துக்கும் ஈரத்தில் ஐந்து, காயவிடுவதில் ஐந்து தொட்டியாவது இருக்கட்டும். ஒன்றிரண்டை வைத்து எழுதினால் எந்த ஆசிரியரும் ஏற்கமாட்டார். வரும் எண்களை இங்கே போட்டால், படிப்பதற்கு உதவுகிறேன்.